மூன்றாவது பேட்டரி

"என் வீட்டுக்காரர் பேட்டரி திருடுறாரா இல்லையான்னு நீங்க சொல்லணும்," என்றாள் அந்தப் பெண், நாற்காலியில் உட்காரும் முன்பே.

பட்டாசுக்கு முதுகு நிமிர்ந்தது. யோசிப்பதற்கு முன் வெடித்துவிடுவான் என்பதால் அலுவலகம் அந்த உதவியாளனுக்கு வைத்த பெயர் அது. எதிர் மேஜையில் சர்வேயர் டீ டம்ளரை நிதானமாகக் கீழே வைத்தார். அடிபட்ட வண்டிகளைப் பார்த்து இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு அறிக்கை கொடுப்பது அவர் தொழில். வண்டி பொய் சொல்லாது, அதன் பக்கத்தில் நிற்பவர்களைத்தான் கவனிக்க வேண்டும் என்பார்.

"முதல்லேர்ந்து சொல்லுங்கம்மா."

செடி நர்சரி. அவளுடைய அண்ணனும் கணவரும் கூட்டாக நடத்துவது. செடி ஏற்றிப் போக ஒரு பழைய பிக்கப் வண்டி. அதைக் கணவர்தான் ஓட்டுவார். வேறு யாரையும் தொடவிட மாட்டார். பெயிண்ட் அடித்துக் கொண்டுவந்த நாளிலிருந்து பேட்டரி படுத்துக்கொள்கிறது. இது மூன்றாவது பேட்டரி.

"புது பேட்டரியை வித்துட்டுச் செத்த பேட்டரியை மாட்டுறார்னு அண்ணன் சொல்றாரு. இன்னைக்கு சாயங்காலம் நர்சரியை ரெண்டா பிரிக்கப் பேச்சு. ஒரு பக்கம் அண்ணன், ஒரு பக்கம் இவரு. நான் எந்தப் பக்கம் சார் நிக்கிறது?"

சர்வேயர் எழுந்து மீட்டர் பையை எடுத்துக்கொண்டார்.

வண்டி தகரக் கொட்டகையில் நின்றது. உருண்ட மூக்கு, பளபளக்கும் நீலம். பக்கத்தில் கணவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார், சொந்த வண்டிக்கே காவல் நிற்கிறவர் மாதிரி.

"நல்ல கலர்," என்றான் பட்டாசு.

"மச்சான் செலக்‌ஷன். பச்சையா இருந்தப்ப ஒழுங்கா ஓடுச்சு."

சர்வேயர் கடையிலிருந்து வரவழைத்த சார்ஜரில் பேட்டரியை மாட்டி, மதியம் வரை காத்திருந்தார். பிறகு விளக்கு, ஹாரன் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுப் பார்த்தார். பேட்டரி தளரவில்லை.

"செத்த பேட்டரி இல்ல இது. நல்ல பேட்டரி, பட்டினி கிடக்குது."

"அப்போ சோறு போடுற ஆள்தான் குற்றவாளி!" பட்டாசு என்ஜினுக்குள் தலையை விட்டான். "ஆல்டர்னேட்டர் போச்சு சார். கேஸ் முடிஞ்சுது."

என்ஜின் ஓடும்போது பேட்டரிக்கு மின்சாரம் ஊட்ட வேண்டியது அதுதான். சர்வேயர் வண்டியைக் கிளப்பச் சொல்லி மீட்டரை வைத்தார். முள் ஏறவில்லை, மெல்ல இறங்கியது. பட்டாசு வெற்றியோடு பார்த்தான். அவரோ பெல்ட்டை விரலால் அழுத்தி, அது இறுக்கமாக இருப்பதைப் பார்த்துவிட்டு, ஓட்டுநர் இருக்கையில் போய் உட்கார்ந்தார். நீல டாஷ்போர்டின் நடுவே ஒரு கறுப்பு ரப்பர் மூடி.

"இது?"

"பெயிண்டர் வேலை," என்றார் கணவர். "ஏதோ ஓட்டைய அடைச்சிருக்கான். கேக்கணும்னு நினைச்சேன், விட்டுப்போச்சு."

அதற்குள் அண்ணன் வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை, நகத்தில் மண். "வாங்க சார், உள்ள உக்காந்து பேசுவோம். மாப்பிள்ளை எங்கயும் ஓடிட மாட்டாரு, வண்டிதான் ஓடாதே."

கணவரின் தாடை இறுகியது. தங்கை இருவருக்கும் நடுவில் நடந்தாள்.

அறை முழுக்க ஈர மண் வாசனை. மூலையில், விதைகளை வெதுவெதுப்பாக வைத்து முளைக்கவிடும் பெட்டி. அண்ணன் கையால் செய்தது. அதன் நெற்றியில் குட்டியாக ஒரு சிவப்பு விளக்கு. "அடாப்டர் போட்டிருக்கேன், கரன்ட் இருந்தா எரியும். நின்னா தூரத்துலேர்ந்தே தெரிஞ்சுடும்," என்று அண்ணன் பெருமையாகச் சொன்னார். பட்டாசு எட்டிப் பார்த்தான். விளக்கைச் சுற்றி அழகான வெள்ளி வளையம், அதன் ஓரத்தில் பச்சையாக ஒரு பொட்டு. பாசி என்று நினைத்துக்கொண்டான்.

"வண்டி மேல தப்பில்லைன்னு எப்படிச் சொல்றீங்க?" சர்வேயர் கேட்டார்.

"சார்ஜ் ஏறலைன்னா டாஷ்போர்டுல சிவப்பு லைட் எரியணும் சார். அதுகூடத் தெரியாதா எனக்கு? பெயிண்ட் அடிச்சதிலேர்ந்து ஒரு நாள்கூட எரியல. வண்டி சுத்தம். அப்போ கை சுத்தமில்லை."

"எரியாது," என்றார் சர்வேயர். "விளக்கு இங்க இருக்கே."

அவர் விதைப் பெட்டியருகே குனிந்தார்.

"பிளாஸ்டிக் பெட்டிக்கு வெள்ளி வளையம் எதுக்கு? வளையத்துல பச்சை பெயிண்ட். உங்க வண்டியோட பழைய நிறம். பெயிண்ட் ஷெட்ல டாஷ்போர்டைக் கழட்டிப் போட்டிருந்தப்ப எடுத்தீங்க."

அண்ணன் முகம் கறுத்தது. "எடுத்தா என்ன? ஏதோ ஒரு குட்டி பல்பு, எதுக்குன்னுகூடப் பார்க்கல. அது இல்லாம வண்டி ஓடாதா?"

"ஓடும். சார்ஜ் ஏறாது. நீங்க எரியலைன்னு சொன்ன சிவப்பு லைட்டே இதுதான். சேதி சொல்றது மட்டும் இல்ல இதோட வேலை. சாவியைத் திருப்பினதும் அந்த பல்பு வழியாத்தான் கொஞ்சம் மின்சாரம் போய் ஆல்டர்னேட்டரை எழுப்பி விடும். எழுப்புற ஆளைத் தூக்கிட்டீங்க. அது தூங்கிட்டே சுத்துது. இருந்த மிச்சத்துலயே வண்டி ஓடி, பேட்டரி படுத்துடுச்சு. மூணு தடவை."

"பாசின்னு நினைச்சேன்," என்று பட்டாசு யாருக்கும் கேட்காமல் சொல்லிக்கொண்டான்.

அண்ணன் விளக்கைக் கழற்ற நேரமாயிற்று. திருகாணி சிறியது. கொட்டகையில் ரப்பர் மூடியைப் பிடுங்கி, பின்னால் டேப் சுற்றிக் கிடந்த இரண்டு வயர்களையும் அவரே மாட்டினார். கணவர் சாவியைத் திருப்பினார். சிவப்பு விளக்கு எரிந்தது. என்ஜின் பிடித்ததும் அணைந்தது. மீட்டர் முள் விறுவிறுவென்று ஏறியது.

"மாப்பிள்ளை..." என்று தொடங்கி அண்ணன் நிறுத்திக்கொண்டார்.

கணவர் என்ஜினை அணைக்கவில்லை. "திருடன் ஓட்டுற வண்டி மச்சான். ஏறுவீங்களா?"

"என்னண்ணே நிக்கிறீங்க?" என்றாள் தங்கை.

அண்ணன் மறுபக்கம் சுற்றிப் போய்க் கதவைத் திறந்தார். "முதல்ல பேட்டரிக் கடைக்கு விடுங்க. அங்கயும் உங்களைப் பத்தித் தப்பாப் பேசியிருக்கேன். நானே போய் இல்லைன்னு சொல்லணும்."

வண்டி கிளம்பியது. சாயங்காலம் பிரிவினைக்கு உட்கார வேண்டிய இருவரும் அதில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு போனார்கள். அந்தப் பழைய இருக்கையில் வேறு வழியில்லை.

தங்கை கொட்டகைத் தரையில் கிடந்த கறுப்பு ரப்பர் மூடியை எடுத்தாள். அறைக்குள் போய், விதைப் பெட்டியின் நெற்றியிலிருந்த ஓட்டையில் வைத்து அழுத்தினாள். கச்சிதமாகப் பொருந்தியது.