ஹரிணி அப்பாவுக்கு ஓர் அழைப்பு

மீமிசலில் நாகராசு வீட்டுக் கொட்டகைக்குள் நான் நுழைந்தபோது பகல் பதினொரு மணி. காக்கையின் நிழல்கூடக் கருகிக் கிடந்த வெயில். பேய்களுக்கு அது வேலைநேரமே இல்லை. முப்பத்து நாலு வருடம் நடத்துநராக இருந்து, கடைசி வண்டியில் ஏறிய ஆவிகளுக்கெல்லாம் டிக்கெட் கிழித்த நான் சொல்கிறேன், நம்புங்கள்.

“மத்தியானம் கார் வாங்க வாராங்க. அதுக்குள்ள திலகவதி போன் பேர கார் திரையிலேர்ந்து எடுத்துருங்கண்ணே,” என்றான் நாகராசு.

திலகவதி அவன் மனைவி. அவன் ஷார்ஜாவில் இருந்தபோது, கட்டுமாவடிச் சாலையோரம் இந்தக் காரை நிறுத்திவிட்டு, நெஞ்சைப் பிடித்தபடியே போய்ச் சேர்ந்தவள். மூன்று மாதம் ஆகிறது.

“ஸ்டியரிங்கிலேயே எல்லாம் இருக்குடா,” என்று பெருமையாக ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன். உள்ளே தலைவலித் தைலத்தின் வாசனை. கட்டைவிரலுக்கு வாகாக மேல் அம்பு, கீழ் அம்பு, நடுவில் ஓகே. அம்பை அமுக்கினால் திரையில் மெனு நகரும். ஓகே கொடுத்தால் திறக்கும்.

‘திலகவதி போன். நீக்கவா?’

‘ஆம்’ மீது கொண்டுபோய் வைத்தேன்.

வெளிச்சக் கட்டம் ‘இல்லை’க்குத் தாவியது.

மறுபடி வைத்தேன். மறுபடி தாவியது.

“என்னண்ணே, பட்டன் ரிப்பேரா?”

“கையெல்லாம் வேர்வைடா.”

சொல்லிவிட்டுக் கைகளை மடியில் வைத்துக்கொண்டேன்.

கீழ் அம்பு தானாக அமுங்கியது.

யாரோ கட்டைவிரலால் அழுத்துவதுபோல் குழிந்து குழிந்து எழுந்தது. பெயர்ப் பட்டியல் திறந்து, ஒவ்வொரு பெயராக இறங்கி, ‘ஹரிணி அப்பா’வில் நின்றது. புருஷன் பெயரை வாயால் சொல்லாதவள், போனில் மட்டும் எழுதுவாளா? மகள் பெயரை வைத்துத்தான் அவனைப் பதிந்திருந்தாள்.

ஓகே அமுங்கியது.

நாகராசுவின் சட்டைப்பையில் போன் அடித்தது.

என் தலையில் மிச்சமிருக்கும் பதினேழு முடியும் நட்டுக்கொண்டு நின்றன. பொய்யென்றால் வந்து எண்ணிப் பாருங்கள்.

அவன் அதை வெளியே எடுத்து என் பக்கம் நீட்டினான். அவள் நம்பர். அவளுடைய போனை அவளோடு குழியில் வைத்துத்தான் மண் தள்ளியிருந்தார்கள்.

“எடுக்காதடா,” என்று கிசுகிசுத்தேன்.

“அன்னைக்கி மூணு தடவ கூப்புட்டா, அண்ணே.” அவன் போனையே பார்த்தான். “ட்யூட்டில இருக்கேன், அப்பறம் பேசிக்கலாம்னு கட் பண்ணுனேன். மூணையும்.”

எடுத்தான்.

“சொல்லு திலகா. கேக்குறேன்.”

போன் ஸ்பீக்கரில் வார்த்தை வரவில்லை. மூச்சுதான் வந்தது. இழுத்து இழுத்து, ஒரு நெஞ்சு தனியாகப் பட்ட பாடு அத்தனையும் அதில் இருந்தது.

அவன் மண்ணில் உட்கார்ந்துவிட்டான். “இருக்கேன். இங்கதான் இருக்கேன்,” என்று திரும்பத் திரும்பச் சொன்னான். மெல்ல மெல்ல அந்த மூச்சு சீராகி, அடங்கியது.

நான் சாவியை உருவினேன். திரை இருண்டது. மத்தியானம் வந்தவர்களை அவன் வாசலோடு திருப்பி அனுப்பினான். கார் விற்பனைக்கு இல்லை என்றான். பிறகு அதே இடத்தில் வந்து உட்கார்ந்து, லைன் செத்த தன் போனைக் காதில் வைத்துப் பேச ஆரம்பித்தான்.

அவன் குரல் தழதழத்துத் தாழும்போதெல்லாம், இருண்ட காருக்குள் ஸ்டியரிங்கில் சத்தத்தைக் கூட்டும் பட்டன் ஒருமுறை அமுங்கி எழுந்தது.