பத்துல ஒம்பது பிள்ளைங்க

பேரு பிரையன். வயசு பதினொன்னு. இருக்கிறது மலேசியாவுல மலாக்கா, ரெம்பியா பக்கம் ஒரு சின்ன தாமான். தாமான்னா அங்க வீடுங்க வரிசையா இருக்கிற குடியிருப்பு.

அது அவனோட அம்மா செலினா பொறந்த ஊரு. போன வருஷம் அம்மாவும் அவனும் திண்டுக்கல்லுலேர்ந்து இங்க வந்தாங்க. அப்பா இன்னும் அங்கதான். ஏதாவது தப்பு பண்ணினா தன்னையும் திருப்பி அனுப்பிடுவாங்களோன்னு பிரையனுக்கு எப்பவும் உள்ளுக்குள்ள ஒரு பயம்.

கிளாஸ்ல அவன் வாயைத் திறந்தாலே, அந்தத் திண்டுக்கல் பேச்சைக் கேட்டு யாராவது சிரிப்பாங்க. சிரிக்காத ஒரே இடம், தாமான் முனையில இருக்கிற பேட்மிண்டன் கோர்ட்டு.

"பிரையா, உன் பக்கம் வருது, அடி லா!"னு பக்கத்து வீட்டு தேவமலர் கத்துவா. அங்க அவனும் அந்த ஊருப் பையன்தான்.

அந்தக் கோர்ட்டுலதான் இப்ப கொஞ்ச நாளா அதே தாமான்ல இருக்கிற பிச்சைமுத்து அங்கிள் தன்னோட காரை நிறுத்துறாரு. ஆட்டம் நின்னுபோச்சு. பிரையன் சாயங்காலமெல்லாம் தனியா சுவத்தைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தான்.

அப்பத்தான் ஸ்கூல்ல ஜெனட் டீச்சர் இங்கிலீஷ் கட்டுரை நடத்தினாங்க. கதை சொல்ற கட்டுரை, வர்ணிக்கிற கட்டுரை, விவரம் சொல்ற கட்டுரை எல்லாம் முடிஞ்சு, அடுத்தவங்க மனசை மாத்துற கட்டுரைக்கு வந்தாங்க.

"கேள்வி கேளுங்க. ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்க. கணக்குக் காட்டுங்க. கொஞ்சம் பயமும் காட்டலாம். நெசமாவே ஒருத்தர் மனசை மாத்துற மாதிரி எழுதிட்டு வாங்க."

யாருக்கு எழுதறதுன்னு பிரையன் யோசிக்கவே இல்ல.

அங்கிளுக்குப் புரியட்டும்னு முதல்ல தமிழ்லயே எழுதினான். அதை தேவமலர் வாங்கிப் படிச்சா. "டீச்சர் சொன்ன எல்லாத்தையும் போட்டுட்டியா?"

"ஒண்ணு விடல."

"அடேங்கப்பா! சூப்பர் லா!"

ரெண்டு பேருமா போய் அங்கிள் கார் கண்ணாடியில ஒட்டிட்டு ஓடி வந்துட்டாங்க.

மறுநாள் சாயங்காலம் பிரையன் வீட்டு இரும்புக் கேட்டு தடதடன்னு ஆடுச்சு. வெளிய பிச்சைமுத்து அங்கிள். கையில அந்தத் தாளு.

"இதை எழுதினது நீதானப்பா? 'உங்களால பத்துல ஒம்பது பிள்ளைங்க அழுவுறாங்க'ன்னு போட்டிருக்க. நம்ம தாமான்ல மொத்தமே ஆறு பிள்ளைங்கதானே? மீதி மூணு பேரை எங்கேர்ந்து கூட்டிட்டு வந்து அழ வெச்ச?"

வேலிக்கு அந்தப் பக்கம் தேவமலர் களுக்குன்னு சிரிச்சா. ஆனா அங்கிள் சிரிக்கல.

"அது போவட்டும். 'இங்க நிறுத்தினா உங்க காருக்கு என்ன ஆகும்னு யாருக்குத் தெரியும்?' இது என்னா? என் காரை உடைக்கப் போறீங்களா?"

பிரையனுக்கு போலீசு, விசா, ஏர்ப்போர்ட்டுன்னு எல்லாம் கண்ணு முன்னாடி வந்துச்சு.

"ஐயோ, இல்ல அங்கிள்! அது... அது டெக்னிக்கு."

"என்னா டெக்னிக்கோ போ. ராத்திரி பூரா நான் தூங்கல. எந்திரிச்சு எந்திரிச்சு காரை எட்டிப் பார்த்தேன். அதுல ஆளுங்களை ஏத்தி இறக்கித்தான் என் பொழைப்பே ஓடுது."

பிரையன் அவரை நிமிர்ந்து பார்த்தான். கண்ணு ரெண்டும் தூக்கமில்லாம சிவந்திருந்துச்சு. அட, இவரும் பயந்துதான் போயிருக்காரு! பயம் எப்படி இருக்கும்னு பிரையனுக்கு நல்லாவே தெரியும்.

"மன்னிச்சிருங்க அங்கிள். நான் முதல்ல உங்களைக் கேட்டிருக்கணும். ஏன் அங்கிள் அங்க நிறுத்துறீங்க?"

அங்கிள் தாளை மடிச்சு சட்டைப் பையில வெச்சாரு. "இதை யாருமே கேக்கல. வாங்க, காட்டுறேன்."

அங்கிள் வீட்டுல கார் நிறுத்துற இடத்துக்கு நேர் மேல ஒரு பெரிய டுரியான் மரம். கிளையெல்லாம் பலாப்பழம் மாதிரி கனமா, முள்ளு முள்ளா காய்.

"போன சீசன்ல ஒண்ணு விழுந்து கார் கூரை சட்டி மாதிரி குழிஞ்சுபோச்சு. இந்தத் தடவை கண்ணாடியில விழுந்தா என்ன பண்றது?"

"மரத்தை வெட்டிற வேண்டியதுதானே அங்கிள்?"ன்னா தேவமலர்.

"வெட்டிறலாம். அப்புறம் உங்க வீட்டுக் கேட்டுல எதை மாட்டறது?"

பிரையன் திடுக்குன்னு திரும்பினான். அவங்க வந்த புதுசுல, ஒரு நாள் காலையில கேட்டுல ஒரு பை தொங்கிச்சு. உள்ள டுரியான். யாரு மாட்டினாங்கன்னு அம்மா விசாரிச்சும் தெரியல.

"அந்தப் பை... நீங்களா அங்கிள்?"

"புதுசா வந்த பிள்ளை, பழக்கம் இருக்குமோ இருக்காதோன்னு சின்னதா பார்த்து மாட்டினேன்."

பிரையனுக்குக் கண்ணு கலங்கிச்சு. "ரொம்ப நல்லா இருந்துச்சு அங்கிள். நாத்தம்தான் தாங்க முடியல."

அங்கிள் வயித்தைப் பிடிச்சுக்கிட்டு சிரிச்சாரு.

பிரையன் மரத்தையே அண்ணாந்து பார்த்தான். கோர்ட்டுல அவன் அடிக்கிற இறகுப்பந்து பாதி வலையிலதான் போய் மாட்டும்.

"அங்கிள், காருக்கு மேல ஒரு வலை கட்டினா?"

தேவமலர் துள்ளினா. "தங்கா பத்துங்கிற ஊருல எங்க பெரியப்பா மீன் பிடிக்கக் கடலுக்குப் போறாரு! அவர் வீட்டுல பழைய மீன் வலை நிறைய கெடக்கு!"

ஞாயித்துக்கிழமை வலை வந்துச்சு. அங்கிளும் தேவமலரோட அப்பாவும் ரெட்டையா மடிச்சு இழுத்துக் கட்டினாங்க. காரை அடியில விட்டுட்டு எல்லாரும் தள்ளி நின்னு காத்துக்கிட்டு இருந்தாங்க.

தொப்!

ஒரு பழம் வலையில விழுந்து, ஒரு குதி குதிச்சு, அப்படியே படுத்துக்கிச்சு.

"என் கார் பொழைச்சுச்சு!"ன்னு அங்கிள் கத்தினாரு. பிள்ளைங்க கோர்ட்டைப் பார்த்து ஒரே ஓட்டம்.

அன்னிக்கு பிரையன், அம்மாவோட போனை வாங்கி, வாயால சொல்லிச் சொல்லியே தமிழ்ல புதுசா ஒண்ணு டைப் பண்ணி முதல்ல அப்பாவுக்கு அனுப்பினான். அதையே இங்கிலீஷ்ல எழுதி ஜெனட் டீச்சர்கிட்ட குடுத்தான்.

"இதுல பயம் காட்டறது எங்க பிரையன்?"

"அது வேணாம் டீச்சர். கணக்கு மட்டும் இருக்கு. இந்தத் தடவை சரியான கணக்கு."

இப்பவும் கோர்ட்டு வேலியில அதோட தமிழ்த் தாளு தொங்குது:

"என் பேரு பிரையன். வயசு பதினொன்னு. இந்தத் தாமான்ல ஆறு பிள்ளைங்க இருக்கோம். ஆறு பேரும் சிரிச்சுக்கிட்டுத்தான் இருக்கோம். பிச்சைமுத்து அங்கிளுக்கு நன்றி. இதைப் படிக்கிறவங்க, அவர் வீட்டு வலையில பழம் கெடந்தா தயவுசெஞ்சு தொடாதீங்க. அவரே கொண்டாந்து உங்க கேட்டுல மாட்டுவாரு."