வலது தோளில் முந்தானை

சித்திரை வெயிலில் திருப்பதியில் ஒருவர் மழைக்கோட்டு போட்டு நடந்தால் ஒன்று சித்தம் கலங்கியிருக்க வேண்டும், இல்லை எதையோ விற்க வந்திருக்க வேண்டும். பைராகிப்பட்டேடாவில் லாட்ஜ் மாடியிலிருந்த தன் விசாரணை ஆபீசுக்குள் அப்படி ஒரு பெண் நுழைந்ததும் நாகபூஷணம் இரண்டையும் தள்ளிவிட்டார். கோட்டின் கழுத்துப் பொத்தானைப் பிடித்த கையை அவள் எடுக்கவே இல்லை. உட்காரச் சொன்னதும் ஜன்னலிலிருந்து தெரியாத நாற்காலியைப் பார்த்து உட்கார்ந்தாள்.

நாகபூஷணம் பாதி ஆயுசு நகரியில் புடவைத் தரகு பார்த்தவர். அது படுத்ததும், கல்யாணத்துக்கு முன் மாப்பிள்ளையை விசாரித்துச் சொல்லும் தொழிலுக்கு வந்துவிட்டார். சரக்குதான் வேறு, மடிப்பைப் பிரித்துப் பார்க்கும் வேலை அதேதான் என்பார். உதவியாளர் விஜயராகவன் பி.காம்.; முடிவை முதலில் சொல்லிவிட்டுக் காரணத்தைப் பிறகு தேடும் சுறுசுறுப்பு அவருக்கு.

வந்தவள் பெயர் கல்பனா. நகரித் தறிக்காரர் வீட்டுப் பெண். இங்கே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பில் போடுகிறாள். வரலட்சுமி என்ற தோழியோடு ஹாஸ்டல் அறையில் இருக்கிறாள். கணவன் கிரண்குமார் குவைத்தில். போன் கட்டுப்படியாகாததால் தினம் சாயங்காலம் ரமணாவின் நெட் சென்டருக்குப் போவாள். முதலில் கொஞ்ச நேரம் காமிராவில் முகம் பார்த்துக்கொள்வார்கள். படம் திக்கித் திக்கி நின்றதும் அதை மட்டும் மூடிவிட்டு, பேச்சை விடாமல், உலகமெல்லாம் சேர்ந்து ஆடும் ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டுக்குள் போவார்கள். அதில் அவன் வாள்வீரன், இவள் வில்லாளி. அந்த விளையாட்டின் சந்தைத் திடல்தான் அவர்கள் குடித்தனம்.

அங்கே சாயக்கடை ஒன்று உண்டு. மேல்கவசத்துக்கு ஒரு நிறம், கீழ்க்கவசத்துக்கு ஒரு நிறம், தோள்துண்டுக்கு ஒரு நிறம் என்று வேண்டியபடி ஏற்றிக்கொள்ளலாம். துண்டை எந்தத் தோளில் போடுவது என்பதும் ஆடுபவர் இஷ்டம். போன வாரம் அந்தத் திடலின் கிணற்றடியில் ஒரு புது ஆள் நின்றான். கிளிப்பச்சைக் கவசம், அரக்குத் துண்டு. அன்று கல்பனா கட்டியிருந்ததும் கிளிப்பச்சைப் புடவை, அரக்கு முந்தானை. மறுநாள் அவள் சாம்பல் நிறம், அவனும் சாம்பல். அதற்கு மறுநாள் மாம்பழ மஞ்சள். பேச மாட்டான், சண்டைக்கும் வர மாட்டான். அவளைப் பார்த்தபடி நிற்பான்.

நேற்றுதான் முதல்முறையாக எழுதினான்: நாளைக்கு அந்தக் கிளிப்பச்சையே கட்டிக்கினு வா.

கிரண்குமாரும் அதைப் படித்திருக்கிறான். நீ என்ன புடவை கட்டுகிறாய் என்று இன்னொருத்தனுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டான். இந்த மாதத்தோடு வேலையை விட்டுவிட்டு நகரிக்குப் போ, இல்லையென்றால் இனி என்னோடு பேச்சில்லை என்றும் சொல்லிவிட்டான்.

"மழைக்கோட்டு?" என்றார் நாகபூஷணம்.

"கலர் தெரியக்கூடாதுன்னு. நேத்து லீவு சார். ரூம்லருந்து இத்த போட்டுக்கினு நேரா சென்டருக்குப் போனேன். கேபின் கதவ சாத்தினப்புறம்தான் கழட்டினேன். அப்பவும் அதே கலர்ல வந்து நின்னான்." விரல் விட்டு எண்ணினாள். "ரூம்ல பாத்தது வரலட்சுமி. காமிராவுல பாத்தது அவுரு. வேற யாருமில்ல. அவுரே வேற பேர்ல வந்து என்ன சோதிக்கிறாரோ? அப்படின்னா நான் இத்தினி நாளா யார்கூட பேசிக்கினு கீறேன்?"

ரமணாவிடம் சொன்னாளா என்று கேட்டார். சொன்னாளாம். அவன் பாவம், பதறிப்போய், பயப்படாதீங்க அக்கா என்று கவுண்டருக்குப் பக்கத்துக் கேபினையே அவளுக்கு ஒதுக்கிக் கொடுத்தானாம்.

திரையை அவள் தன் செல்போனில் படம் பிடித்திருந்தாள். நாகபூஷணம் அதைத் தூரத்தில் வைத்துப் பார்த்தார், கிட்டத்தில் வைத்துப் பார்த்தார், விஜயராகவனிடம் நீட்டினார். மேல்கவசம் அச்சாக மாம்பழ மஞ்சள். இடுப்புக்குக் கீழே சாயமே ஏற்றாத வெறும் தோல்கவசம். துண்டு வலது தோளில்.

"வலது தோள், சார்," என்றார் விஜயராகவன் உடனே. "நம்ம பக்கத்துல முந்தானை இடதுலதான போடுவாங்க? இது வடநாட்டுக் கட்டு. எவனோ வடநாட்டுக்காரன்."

"வடநாட்டுக்காரன் 'கட்டிக்கினு வா'ன்னு எழுதுவானா? அது நம்ம பக்கத்துப் பேச்சுய்யா." கல்பனாவிடம் திரும்பினார். "ஏம்மா, காமிராவுல பேசச்சே உன் மொகம் உனக்குத் தெரியுமா?"

மூலையில் சின்னக் கட்டத்தில் மார்பளவுக்குத் தெரியும் என்றாள். கண்ணாடி மாதிரியே இருக்கும், அதைப் பார்த்துத்தான் பொட்டைச் சரி செய்துகொள்வாள்.

அவருடைய அடுத்த சொல்லை இரண்டு பேருமே எதிர்பார்க்கவில்லை. இன்று அந்தக் கிளிப்பச்சையையே கட்டிக்கொண்டு போகச் சொன்னார். முந்தானை மட்டும் வலது தோளில் இருக்க வேண்டும், வரலட்சுமியே கட்டிவிட வேண்டும், கோட்டு மேலே இருக்கட்டும்.

"அவன் கேட்ட மாதிரியேவா சார்?" என்றாள் கல்பனா.

"நாங்க அங்கதான் இருப்போம்மா."

சாயங்காலம் நாகபூஷணம் கவுண்டர் அருகே பெஞ்சில் பேப்பர் விரித்து உட்கார்ந்தார். வரலட்சுமி பக்கத்தில் நகம் கடித்துக்கொண்டிருந்தாள். ரமணா எல்லாருக்கும் சிரித்த முகமாகத் தண்ணீர் பாக்கெட் கொடுத்துவிட்டுத் தன் திரையின் பின்னால் போய்விட்டான். கல்பனாவோடு விஜயராகவனும் காமிராவில் படாமல் கேபின் மூலையில் ஒடுங்கி நின்றார். அவள் கோட்டைக் கழற்றிவிட்டுக் கணவனிடம் இரண்டு வார்த்தை பேசினாள். பிறகு விளையாட்டைத் திறந்தாள். கடவுச்சொல் இரண்டு முறை தப்பியது.

கிணற்றடி காலியாக இருந்தது. பிறகு சாயக்கடைப் பக்கமிருந்து ஒருவன் நடந்து வந்தான். கிளிப்பச்சை. அரக்கு. நேராக வந்து அவள் முன்னால் நின்றான்.

விஜயராகவன் கதவைத் திறந்து தலையை நீட்டினார். "இடது தோள், சார்."

நாகபூஷணம் பேப்பரை மடித்தார். கல்பனாவைக் கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே வரச் சொன்னார். கிரண்குமாருக்கும் கேட்கட்டும் என்று கேபின் கதவையும் ஸ்பீக்கரையும் திறந்துவிடச் சொன்னார்.

"இன்னிக்கு இந்தப் பொண்ணு முந்தானை வலது தோள்ல, அந்த வெளையாட்டுப் பொம்மைக்கு இடதுல," என்று நிதானமாக ஆரம்பித்தார். "கட்டிவிட்டதே வரலட்சுமி. அவ பண்றதா இருந்தா பொம்மைக்கும் வலதுலதான் போட்டிருப்பா. காமிராவுல புருஷனுக்குத் தெரியறதும் உள்ளபடி வலதுதான். மத்தியானம் வேற சென்டர்ல விஜயனும் நானும் பேசிப் பாத்துட்டோம். வலது இடதா மாறித் தெரியறது அந்தச் சின்னக் கட்டத்துல மட்டும். பாதி ஆயுசு பொம்பளைங்களுக்குக் கண்ணாடி புடிச்சவன்யா நான். கண்ணாடியில தோள் மாறும், மார்புக்குக் கீழ தெரியாது. பொம்மைக்கும் கீழ சாயமில்ல. அந்தக் கட்டம் இருக்கறது இவ திரையில. இவ திரைய வேற எடத்துலருந்து யாரால பாக்க முடியும்? எல்லாக் கேபின் திரையையும் தன் கம்ப்யூட்டர்லருந்தே பாக்க முடியற ஆளால."

ரமணாவின் கை சுவிட்சுக்குப் போனது. விஜயராகவன் காரணத்துக்குக் காத்திராதது இந்த ஒருமுறை நல்லதாயிற்று. பாய்ந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். நாகபூஷணம் ரமணாவின் திரையை எல்லாரும் பார்க்கத் திருப்பினார். கிணற்றடியில் கிளிப்பச்சை ஆள் இன்னும் நின்றுகொண்டிருந்தான்.

"சும்மா தமாஷுக்கு, சார்," என்றான் ரமணா. "அக்கா கோச்சிக்காதீங்க."

"தமாஷுன்னா எதிர்ல இருக்கறவங்களும் சிரிக்கணும்ப்பா."

"கல்பனா," என்றான் கிரண்குமார் ஸ்பீக்கரில், "வேலைய உடாத. நகரிக்கும் போவ வேணாம்."

"நீங்க கேட்ட கேள்வி எனக்கு ஞாபகம் கீது," என்றாள் அவள். "அத அப்புறமா பேசிக்கலாம்."

அவள் ஸ்பீக்கர் பக்கம் திரும்பவில்லை. ரமணாவின் திரையில் விளையாட்டுக்குப் பின்னால் சின்னச் சின்னக் கட்டங்கள் இருந்தன, ஒவ்வொரு கேபினுக்கும் ஒன்றாக. ஒருத்தி காமிராவைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாள். ஒருத்தி அழுதுகொண்டிருந்தாள். ஒருத்தி பொட்டைச் சரி செய்தாள். மூன்று பேருக்கும் முந்தானை வலது தோளில் இருந்தது.

கல்பனா மழைக்கோட்டைக் கழற்றி அந்தத் திரையின் மேல் போட்டு மூடினாள். விஜயராகவன் போலீசுக்குப் போன் செய்துகொண்டிருக்க, அவள் முதல் கேபின் கதவைத் தட்டினாள். உள்ளே பேச்சு சட்டென்று நின்றது.

"யாரு?" என்றது ஒரு பெண் குரல்.

"நானும் இங்க வர்ற பொண்ணுதான்மா," என்றாள் கல்பனா. "மொதல்ல காமிராவ துணி போட்டு மூடு. அப்புறம் கதவத் தெற."