செத்தது சிவப்பு வரிசை

போன் அலறியது.

காலை எட்டரை மணி. எடுக்க வேண்டியவர் மேஜைக்கு அடியில் கிடந்தார்... தலையைச் சுற்றி ரத்தம் உறைந்து!

எலிகளுக்குத் தீனி வைக்க வந்தவள் வாசலிலேயே வீறிட்டாள். ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் அவள் 'கூண்டக்கா'.

அரை மணி நேரத்தில் இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார். பின்னாலேயே ஏட்டு, மூக்கைப் பொத்திக்கொண்டு.

"இறந்தவங்க யாரும்மா?"

"பரிசோதகர் அம்மா சார். எந்தப் புது விதையா இருந்தாலும் அவங்க கையெழுத்து இல்லாம வயலுக்குப் போகாது..." உடைந்து அழுதாள். "என்னைத் தங்கச்சி மாதிரி வச்சிருந்தாங்க சார்!"

"இப்ப என்ன விதை?"

"மரபணு மாத்தின மக்காச்சோளம். பூஞ்சையே பிடிக்காதாம். அதையும் சாதா சோளத்தையும் மூணு மாசமா தனித்தனியா எலிகளுக்குப் போடறோம். ஒரு வரிசைக்கு சிவப்பு அட்டை, இன்னொண்ணுக்கு நீலம்."

"இதுல புதுச் சோளம் எது?"

"அம்மாவுக்கே தெரியாது! தெரிஞ்சா மனசு ஒரு பக்கம் சாஞ்சிடுமாம். புது விதைக்கு அனுமதி தர்ற கமிஷனோட செயலாளர் அதை எழுதி, உறையில போட்டு சீல் வச்சிருக்கார். ரிப்போர்ட்ல கையெழுத்து விழுந்த பிறகுதான் பிரிப்பாங்க."

எலி அறைக்குள் நுழைந்தார்கள்.

வலது வரிசையில் எலிகள் துள்ளிக்கொண்டிருந்தன. இடது வரிசையில்... பாதிக் கூண்டுகள் காலி!

"நேத்து ஒரே நாள்ல பதினாலு செத்துப்போச்சு சார்..." என்ற கூண்டக்கா சட்டென்று நின்றாள். "ஐயோ! அட்டை மாறியிருக்கு!"

"என்னது?"

"இடது பக்கம் சிவப்பு சார். என் கையால மாட்டினேன். இப்ப நீலம் தொங்குது!"

ஏட்டு தலையைச் சொறிந்தார். "அட்டையை மாத்தி என்ன சார் லாபம்?"

"செத்தது சிவப்பு. அதை நீலம்னு காட்டப் பார்த்திருக்கான்," என்றார் இன்ஸ்பெக்டர். "சிவப்புதான் தன்னோட சோளம்னு நினைச்ச ஒருத்தன்! நேத்து சாயங்காலம் யாரும்மா வந்தாங்க?"

"நான் கிளம்பும்போது... விதை டாக்டர். அந்தச் சோளத்தை உருவாக்கினவர்!"

பத்து மணிக்கு விதை டாக்டர் அதே அறையில் நின்றார். ஆள்காட்டி விரலில் கட்டு.

"விரல்ல என்ன?"

"காய் நறுக்கும்போது... கத்தி..."

"பிரிங்க."

பிரித்தார். கத்திக் காயம் இல்லை. சின்னச் சின்னதாகப் பல் தடம்!

அவ்வளவுதான். ஆள் பொலபொலவென்று உதிர்ந்துபோனார்.

"பன்னெண்டு வருஷ உழைப்பு சார்! பூஞ்சைச் சோளத்தைத் தின்னு ஜனங்க ஈரல் கெட்டுச் சாகுறாங்க. அதைத் தடுக்கத்தான்... எலி செத்ததைப் பார்த்ததும் என்னோட சோளம்தான்னு பயந்துட்டேன். இன்னொரு தடவை சோதிக்கலாம்னு காலைப் பிடிச்சேன். 'செத்ததைச் செத்ததுன்னுதான் எழுதுவேன்'னாங்க. மைக்ரோஸ்கோப் கைக்குக் கிடைச்சது... அப்புறம் அட்டையை மாத்தும்போது வலது வரிசை எலி ஒண்ணு கடிச்சிடுச்சு..."

கூண்டக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

காலையிலிருந்து ரிப்போர்ட்டுக்காகப் போன் அடித்துக்கொண்டிருந்த செயலாளர் உறையோடு வந்து சேர்ந்தார். எல்லோர் முன்னிலையிலும் சீலை உடைத்தார். படித்தார். முகம் வெளுத்தது.

"டாக்டர்... சிவப்பு, சாதா சோளம். மூட்டைக்குள்ள பூஞ்சை பிடிச்சிருக்கணும். உங்க சோளம் நீலம்!"

"எ... என்னது?"

"அந்தம்மா எழுதவிருந்த ரிப்போர்ட்ல நீங்க பாஸ்!" என்றார் இன்ஸ்பெக்டர். குரலில் கசப்பு. "நீங்க மாத்தின அட்டைப்படி பார்த்தா, பதினாலு எலியையும் கொன்னது உங்க சோளம். அந்தம்மாவைக் கொன்னது நீங்க."

விதை டாக்டர் தரையில் சரிந்தார். "அப்ப... என் சோளம் நல்ல சோளமா?"

ஏட்டு விலங்கை மாட்டினார்.

"அதுல என்ன சந்தேகம் டாக்டர்? அதைத் தின்ன எலி எவ்வளவு தெம்பா இருக்குன்னு உங்க விரலைப் பார்த்தாலே தெரியுதே!"