ஆட்டத்துக்கு ஒரு பிழை

சனிக்கிழமை மூன்று மணிக்கே வரிசை வாசலைத் தாண்டிவிட்டது. பழைய நிலக்கரிச் சுரங்கத்தின் பள்ளத்தை நிரவி மைதானமாக்கியிருந்தார்கள். வெட்டி விட்டிருந்த மண்படிகள்தான் பார்வையாளர் இருக்கை. வாசலில் அதிமதுரமும் மிளகும் விற்ற பெண்ணுக்கு நல்ல வியாபாரம். பின்னே, தொண்டை கட்டிக்கொண்டால் கத்துவதற்கென்று எடுத்த சினச்சீட்டு வீணல்லவா? வாரம் முழுக்க வாயைப் பொத்திக்கொண்டிருந்த அதிகாரிகளும் மருத்துவர்களும் மாமியார்களும் மருமகள்களும், “நீங்க முதல்ல போங்க” என்று ஒருவருக்கொருவர் குழைந்துகொண்டே உள்ளே போனார்கள்.

வெளியே குரலை உயர்த்த முடியாது. கழுத்தில் கிடக்கும் குரற்பட்டி உடனே குறித்துக்கொள்ளும். மூன்று குறி விழுந்தால் ஒரு மாதம் வீட்டுச் சிறை. மைதானத்தின் வாசலைத் தாண்டியதும் பட்டியில் பச்சை விளக்கு எரியும். அப்புறம் இரண்டு மணி நேரம் யாரும் என்ன வேண்டுமானாலும் கத்தலாம். ஒரே ஒரு ஆளைப் பார்த்து மட்டும்.

அந்த ஆளாவதற்குத்தான் அமலோற்பவம் நடுவர் அறையில் மார்புக்கவசத்தைக் கட்டிக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு வயதுக்காரர்களின் பள்ளி சாஃப்ட்பால் ஆட்டம். உரிமத் தேர்வில் அவளுக்கு இது மூன்றாவது முறை, கடைசி முறையும்கூட. தோற்றால் வேலை எண் போய்விடும். வேலை எண் இல்லாத தாயிடம் பிள்ளையை விட்டுவைக்க மாட்டார்கள். ஆறு வயது இன்பன் அன்று காலையில்கூட ஷூவை மாற்றிப் போட்டுக்கொண்டு பள்ளிக்குக் கிளம்பியிருந்தான். அவனை அரசு விடுதியில் சேர்த்துவிட்டால், போய்ப் பார்க்க வருடத்துக்கு இரண்டு நாள்தான் கொடுப்பார்கள்.

“அக்கா, கேக்குதா?” காதுக்குள் தேர்வாளர் யாழ்மொழியின் குரல். இருபத்தாறு வயது; அலட்டல் இல்லாத பெண்; சிரித்துக்கொண்டே கழுத்தை அறுப்பாள்.

“கேக்குது மேடம்.”

“போன ரெண்டு தடவ மாதிரி சொதப்பிடாதீங்க. ஒரே ஒரு பிழை. ஆனா சுத்தமான பிழையா இருக்கணும். கோட்டுக்கண் அதைப் பிழைன்னு சான்று கொடுக்கணும்.”

முதல் தேர்வில் நடந்தது தலையெழுத்து. வேண்டுமென்றே தப்பாகச் சொல்கிறேன் பேர்வழி என்று ஒரு பையனை அவுட் என்றாள். கோட்டுக்கண் என்கிற நுண்படக்கருவி பார்த்துவிட்டு அவன் நிஜமாகவே அவுட் என்றது. இரண்டாவது தேர்வில் பிழை கச்சிதம். ஆனால் அந்தப் பிள்ளை தேம்பியதைத் தாங்காமல், “நீ சேஃப்தான் கண்ணு, நான்தான் தப்பு” என்று சொல்லித் தொலைத்தாள். ஒப்புக்கொண்ட பிழை செல்லாது. அதுதான் சட்டம்.

இந்தச் சட்டம் வந்த கதை சின்னதுதான். தீர்ப்பு, மருந்து, மதிப்பெண், ரயில் என்று எல்லாவற்றையும் இயந்திரங்கள் முப்பது வருடம் அப்பழுக்கில்லாமல் நடத்தின. தப்பே நடக்காத ஊரில் யாரைத் திட்டுவது? ஜனங்கள் வீட்டுக்குள் அடித்துக்கொண்டு செத்தார்கள். உள்ள அமைதித் துறை ஆராய்ந்து ஒரு வைத்தியம் கண்டுபிடித்தது. கண்ணெதிரே ஓர் அநியாயம், அதைச் செய்ய ஒரு மனிதர். பெரியவர்கள் ஆட்டத்தில் அநியாயம் நடந்தால் பாதிக் கூட்டம் கைதட்டியது. குழந்தைக்கு நடந்தால்தான் எல்லா வயிறும் ஒன்றாக எரிகிறது என்று பிறகு தெரிந்துகொண்டார்கள். அட, எவ்வளவு புத்திசாலிகள்!

ஆட்டம் தொடங்கியது. பலகையில் கூட்டத்தின் கோபத்தை அளக்கும் சினமானி முப்பது காட்டியது. எழுபதைத் தொட வேண்டும். நான்காவது சுற்றில் அமலோற்பவம் ஒரு தந்திரம் செய்து பார்க்க நினைத்தாள். யாருக்கும் வலிக்காத மாதிரி ஒரு நல்ல பந்தைத் தவறான பந்து என்று சொல்லிவிட்டால் என்ன? நேராக வந்த பந்துக்கு அவள் தயங்கி நின்றதுமே, வாய் திறக்கும் முன்பே காதில் குரல் வந்தது.

“அக்கா, அதெல்லாம் கொசுக்கடி. முப்பத்தஞ்சு கூட ஏறாது. கூட்டத்துக்குப் பிடிச்ச பிள்ளையைப் பாருங்க.”

கூட்டத்துக்குப் பிடித்தவள் யாரென்று குருடருக்கும் தெரியும். முத்தழகி. ஒல்லிக்குச்சி, பெரிய ஹெல்மெட் மூக்கு வரை இறங்கியிருந்தது. ஓடும்போது நாக்கைத் துருத்திக்கொண்டு ஓடினாள். ஒவ்வொரு முறை மட்டையோடு வரும்போதும், “வணக்கம் மேடம்” என்றாள். படிகளில் இருந்தவர்கள் அவளைச் செல்லப்பேர் வைத்துக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

“அவ வேணாம் மேடம்,” என்று முகமூடிக்குள் முணுமுணுத்தாள் அமலோற்பவம்.

“சரி, வேணாம். இன்பனைச் சேர்த்துக்கச் சொல்லி விடுதிக்கு எழுதிடட்டுமா?”

பாவி, பெயரைக்கூட மனப்பாடம் செய்து வைத்திருக்கிறாள்.

கடைசிச் சுற்று. முத்தழகியின் அணி ஒரு ஓட்டம் பின்தங்கியிருந்தது. இரண்டு பேர் அவுட், மூன்றாம் தளத்தில் ஒருத்தி காத்திருந்தாள். முத்தழகி முதல் தளத்தைத் தொட்டுவிட்டால் சமன், தொடாவிட்டால் தோல்வி. அவள் தட்டிய பந்து புழுதியில் உருண்டது. நாக்கைத் துருத்திக்கொண்டு ஓடினாள்.

அமலோற்பவம் நல்ல நடுவர். தளத்தருகே ஓடி நின்று, கண்ணைக் காலில் வைத்து, காதைக் கையுறையில் வைத்தாள். இரண்டையும் ஒரே சமயத்தில் கண்ணால் பார்க்க முடியாது. காலைப் பார்க்க வேண்டும், பந்து கையுறையில் விழும் சத்தத்தைக் கேட்க வேண்டும். முதல் தளத்தில் ஓடுகிறவருக்கு ஆரஞ்சுப் பாதி, பந்தைப் பிடிப்பவருக்கு வெள்ளைப் பாதி. முத்தழகியின் கால் ஆரஞ்சில் அழுந்த விழுந்தது. அதற்கப்புறம் ஒரு மூச்சு விடுகிற நேரம் கழித்துத்தான் கையுறையில் ‘தப்’ என்ற சத்தம் வந்தது.

“அவுட்!” முஷ்டியை மடக்கிக் காட்டினாள்.

பள்ளமே வெடித்தது. “உனக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு?” “நாசமாப் போயிடுவடி!” “புள்ள வயித்துல அடிக்கிறியே, நீயெல்லாம் ஒரு பொம்பளையா?” தண்ணீர்ப் பைகள் பறந்து வந்தன. ஒன்று தோளில் பட்டு உடைந்தது. ஒரு கிழவர் எழுந்து நின்று அழுதார். சினமானி எழுபதைத் தாண்டி எண்பத்து நான்கில் போய் நின்றது.

“பிரமாதம்க்கா! கோட்டுக்கண் சான்று வந்தாச்சு. உரிமம் உங்களுக்குத்தான். ஆனா வாய மூடிக்கிட்டே இருக்கணும், இன்னிக்கு மட்டுமில்ல, என்னிக்கும். காதுல இருக்கிறத எடுக்க முடியாது, தெரியும்ல?”

முத்தழகி நின்ற இடத்திலேயே நின்றாள். பதினைந்து வயதுக்குள் இருப்பவர்களுக்குப் பச்சை விளக்கு கிடையாது. பிள்ளைகள் சினப்படக் கூடாது. கையைக் கட்டிக்கொண்டு, “நன்றி நடுவரே” என்றாள். அவ்வளவுதான்.

அரை மணியில் கூட்டம் கலைந்தது. எல்லோருடைய முகமும் எண்ணெய் தேய்த்துக் குளித்த மாதிரி தெளிந்திருந்தது. ‘கண்ணு அவிஞ்சா போச்சு’ என்று கத்தியவர் பக்கத்து ஆளின் குழந்தையைத் தோளில் ஏற்றிக்கொண்டு சிரித்தபடி போனார். முத்தழகியை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவர்களுக்கு அவளால் ஆக வேண்டியது ஆகிவிட்டது.

அமலோற்பவம் நடுவர் அறைக்குப் போய் முகமூடியைக் கழற்றினாள். நிம்மதியாகத்தான் இருந்தது, பொய் எதற்கு? இன்பன் வீட்டில் இருப்பான். அந்த ஒன்றையே பிடித்துக்கொண்டு வெளியே வந்தவள், முதல் தளத்தருகே முத்தழகி குனிந்து நிற்பதைப் பார்த்தாள். ஷூவைக் கழற்றி வைத்திருந்தாள்.

“மேடம், ஒரு நிமிஷம். நான் மிதிச்ச மாதிரிதான் இருந்துச்சு. கால்ல பட்ட மாதிரியே இருந்துச்சு.” அழவில்லை, குழம்பிப் போயிருந்தாள். “எனக்கு ஏன் அப்படித் தோணுச்சுன்னு தெரியல. யார் கத்தினாலும் நடுவர் சொன்னா தப்பா இருக்காதாம், எங்க அம்மா டாக்டர்கிட்ட காட்டலாங்கிறாங்க.”

காதுக்குள் யாழ்மொழி மூச்சு விடுவது கேட்டது.

முத்தழகி வெறுங்காலைத் தூக்கி ஆரஞ்சுப் பாதியின் நட்டநடுவே வைத்தாள். “இப்ப மிதிச்சிருக்கேனா மேடம்?”

ஐந்து விரல்களும் தளத்தில் பதிந்திருந்தன.

“இல்லம்மா.”

அந்தப் பெண் நம்பினாள். காலை எடுத்துப் பார்த்தாள், தளத்தைப் பார்த்தாள், பிறகு இரண்டு காலையும் சேர்த்து வைத்து ஏறி நின்றுகொண்டு முகத்தை நிமிர்த்தினாள்.

“அப்ப எப்படி மேடம் மிதிக்கணும்?”