மாடிப்படி வழியாக வந்த படம்

தெருவைத் தோண்ட வந்தவர்கள் தண்ணீர்க் குழாயைத்தான் தேடினார்கள். அகப்பட்டதோ கேபிள். ஒரே வெட்டு! தெரு முழுக்க டிவியும் இன்டர்நெட்டும் சேர்ந்து படுத்துவிட்டன.

மிளகுக்கு முதலில் அது ஒரு பெரிய விஷயமாகத் தெரியவில்லை. மிளகு என்பது அவளுடைய உண்மையான பெயர் இல்லை. அவள் வாயைத் திறந்தால் எதிரில் இருப்பவருக்குக் கண்ணில் தண்ணீர் வரும் என்று அண்ணன் வைத்த பெயர். வீட்டில் எல்லாரும் அதையே பிடித்துக்கொண்டார்கள்.

சனிக்கிழமை மதியம் அம்மா ஒரு பாத்திரத்தைக் கையில் கொடுத்து, "கீழ்வீட்ல கொடுத்துட்டு வா" என்றாள். கீழ்வீடு என்றால் வேன் மாமா வீடு.

வேன் மாமாதான் மிளகின் பள்ளி வேனை ஓட்டுபவர். தினமும் காலையில் மிளகு ஒரு காலில் சாக்ஸும் இன்னொரு காலில் ஒன்றும் இல்லாமலும் கடைசி ஆளாக ஓடி வருவாள். "மாமா, லேட்டாச்சு, போகலாம்!" என்று உள்ளே இருக்கும் பிள்ளைகள் கத்துவார்கள். "இருங்கப்பா, இன்ஜின் இன்னும் சூடாகலை" என்பார் மாமா. இன்ஜின் எப்போதோ சூடாகியிருக்கும். அது எல்லாருக்கும் தெரியும். மிளகுக்கு மற்றவர்களைவிட நன்றாகவே தெரியும்.

இப்போது மாமாவால் வேன் ஓட்ட முடியாது. வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டார். தொடை வரை மாவுக்கட்டு. அந்தக் காலை ஒரு முக்காலியின் மேல் விருந்தாளி மாதிரி உட்கார வைத்திருந்தார்.

மிளகு போனபோது அவர் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரையில் வெறும் நீல நிறம்தான் இருந்தது.

"மாமா, அதுல ஒண்ணும் வரலையே?"

"வருமோன்னு பார்க்கிறேன்."

"காலையிலேர்ந்து இதே கதைதான்" என்றாள் அத்தை, சமையலறையிலிருந்து. "அது நீலமா இருக்கு, இவரும் விடாம பார்த்துட்டிருக்காரு."

பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. வெளியூரில் படிக்கும் அவர்களுடைய மகள் நீச்சல் போட்டியில் இறுதிச் சுற்றுக்கு வந்திருக்கிறாள். இன்று நாலு மணிக்குப் போட்டி. பொதுச் சேனலில் நேரலையாகக் காட்டுகிறார்கள். கால் நன்றாக இருந்திருந்தால் மாமா வேனையே எடுத்துக்கொண்டு நீச்சல்குளத்துக்கே போயிருப்பார்.

"போன்ல பார்க்கலாமே மாமா?"

"பார்த்தோம். ஒரு வட்டம் சுத்துது. அதுக்கு மேல ஒண்ணும் வரமாட்டேங்குது" என்றாள் அத்தை.

"பரவாயில்ல விடு. முடிஞ்சதும் அவளே கூப்பிட்டுச் சொல்லுவா" என்று மாமா சிரித்தார். அந்தச் சிரிப்பு உதட்டோடு நின்றுவிட்டது.

மிளகுக்கு மனசு கேட்கவில்லை. தனக்காக எத்தனை நாள் காத்திருந்த மனிதர்! பாத்திரத்தை வைத்துவிட்டு ஒரே ஓட்டமாகத் தெருமுனைக்கு ஓடினாள். அங்கே எலக்ட்ரிக் கடையில் ஒரு டிவி ஜோராக ஓடிக்கொண்டிருந்தது.

"அக்கா! உங்க கடையில மட்டும் எப்படிப் படம் வருது?"

"இது கேபிள் இல்லம்மா" என்றாள் கடைக்கார அக்கா. "காத்துல வர்றது. ஆன்டெனா அதைப் பிடிக்கும். இந்த செட்-டாப் பாக்ஸ் படமாக்கிக் காட்டும். மாசாமாசம் காசு கட்ட வேண்டாம். சேனல் கம்மிதான், ஆனா பொதுச் சேனல் உண்டு."

"உங்க காத்தும் எங்க காத்தும் ஒண்ணுதானே அக்கா?"

"ஒண்ணுதான்."

"அப்போ எங்க மாமா வீட்லயும் வரணும்ல?"

அக்கா அவளை ஒரு பார்வை பார்த்தாள். மிளகு மூச்சு வாங்காமல் மாமாவின் கதையைச் சொன்னாள். "அவரை இங்கே கூட்டிட்டு வாயேன்" என்று அக்கா சொல்ல, "அவ்ளோ பெரிய கட்டோடயா?" என்று மிளகு கேட்க, அக்கா சிரித்துக்கொண்டே ஒரு பெட்டியையும் ஆன்டெனாவையும் ஒரு சுருள் ஒயரையும் எடுத்துக் கொடுத்தாள்.

"கேபிள் வந்ததும் கொண்டுவந்து கொடு. ஆன்டெனா, டிவி டவர் இருக்கிற பக்கம் பார்க்கணும். கொஞ்சம் கொஞ்சமா திருப்பிப் பாருங்க. ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோ, இந்தப் பெட்டி உடனே காட்டாது. கொஞ்சம் யோசிச்சுத்தான் காட்டும்."

மிளகு முதலில் ஆன்டெனாவை மாமா வீட்டு ஜன்னலில் வைத்துப் பார்த்தாள். எதிரே இருந்த பெரிய கட்டடம் எல்லாவற்றையும் மறைத்தது. மொட்டை மாடிக்குத்தான் போக வேண்டும். அதற்கு ஓர் ஆள் வேண்டும்.

பதினொன்றாம் வகுப்பு படிக்கும் அண்ணன், "ஆன்டெனாவா? அதெல்லாம் எனக்கு அத்துப்படி" என்று மார்தட்டிக்கொண்டு மேலே ஏறினான். மாடியில் கிடந்த ஓர் இரும்புக் குழாயில் ஆன்டெனாவை மாட்டி, ஒயரைச் சுவர் வழியாகக் கீழே இறக்கினான்.

மாடியில் கத்தினால் கீழே கேட்காது. அதனால் முதல் மாடிப்படியில் அந்த மாடியில் குடியிருக்கும் கணக்கு டீச்சர் நின்றார். இரண்டாவது மாடிப்படியில் அங்கே குடியிருக்கும் பாட்டு வாத்தியார் நின்றார். மிளகு கீழே டிவி முன்னால். திரையில் சிக்னல் எவ்வளவு என்று ஒரு கோடு காட்டியது.

"வந்துச்சா?" என்றான் அண்ணன்.

"வந்துச்சாஆஆ?" என்றார் பாட்டு வாத்தியார்.

"வரலை!" என்றாள் மிளகு.

"வரலைன்னா எப்படி? எத்தனை சதவீதம்னு சொல்லு" என்றார் கணக்கு டீச்சர்.

"பன்னிரண்டு!"

"பன்னிரண்டு சதவீதம்!" என்று டீச்சர் மேலே சொன்னார். பாட்டு வாத்தியார் அதை வாங்கி, "பன்னிரண்டு சத... வீ... தம்ம்ம்" என்று இழுத்து முடிப்பதற்குள் அண்ணன் ஆன்டெனாவை வேறு பக்கம் திருப்பிவிட்டான்.

திடீரென்று கோடு சர்ரென்று ஏறியது. "அறுபது! அறுபது!" என்று மிளகு குதித்தாள். அந்த 'அறுபது' படியேறி மேலே போய்ச் சேர்ந்தபோது, கீழே அது ஒன்பதாகியிருந்தது.

இப்படியே பல முறை நடந்தது. அண்ணனுக்கு வியர்த்துக் கொட்டியது. கடிகாரம் நாலை நெருங்கியது. மாமா கட்டுப் போட்ட காலைத் தடவிக்கொண்டே இருந்தார்.

'பெட்டி யோசிச்சுத்தான் காட்டும்' என்று அக்கா சொன்னது அவளுக்கு நினைவு வந்தது. பெட்டி யோசிக்கிறது, டீச்சர் கணக்குப் பார்க்கிறார், வாத்தியார் பாடுகிறார். இதற்குள் அண்ணன் எங்கேயோ போய்விடுகிறான். யார் மேலும் தப்பில்லை. ஆனால் யாரும் காத்திருக்கவில்லையே!

அவள் படிகளைத் தாவித் தாவி மேலே ஓடினாள்.

"அண்ணா, பதில் வர்றதுக்குள்ள நீ திருப்பிடுற. இனிமே நீ கேள்வியே கேட்காத. கீழேயிருந்து 'திருப்பு'ன்னு வந்தா மட்டும் ஒரு துளி திருப்பு. ஒண்ணும் வரலைன்னா கையை அசைக்காத."

"எனக்கே சொல்லித் தர்றியா?"

"சொல்லலை அண்ணா. கெஞ்சுறேன்."

அண்ணன் தலையாட்டினான். இறங்கும் வழியில் மிளகு பாட்டு வாத்தியாரிடம் நின்றாள். "சார், ராகம் வேண்டாம் சார். ஒரே ஒரு சொல்லுதான்."

"ஒரு சின்ன இழுப்பு கூடவா கூடாது?"

"ரிசல்ட் வரட்டும் சார். அப்போ ஆசை தீரப் பாடுங்க."

கணக்கு டீச்சரிடமும் கெஞ்சி, சதவீதத்துக்கு விடுமுறை வாங்கினாள்.

"திருப்பு!" என்றாள் கீழே போய். சொல் மேலே போனது. காத்திருந்தாள். கோடு அசையவில்லை. "திருப்பு!" கொஞ்சம் ஏறியது. "திருப்பு!" இன்னும் ஏறியது. எழுபது, எண்பது. மிளகு வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். அவள் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்தது அதுதான் முதல் தடவை. மேலே அண்ணனும் சிலையாக நின்றான்.

ரிமோட்டை எடுத்துச் சேனல் தேடும் பொத்தானை அழுத்தினாள். பெட்டி தேடியது. நீலம் போனது. இன்னொரு நீலம் வந்தது. ஆனால் இந்த நீலம் அலையடித்தது!

"குளம்!" என்று அலறினாள் அத்தை.

குளக்கரையில் பெண்கள் வரிசையாக நின்றார்கள். "அதோ, அஞ்சாவதா நிக்கிறா!" என்றார் மாமா. அந்த நேரம் பார்த்துப் படம் சதுரம் சதுரமாக உடைந்தது.

"அண்ணா, அசையாத!"

"மூக்கு அரிச்சுது!" என்று பதில் இறங்கி வந்தது. குழாயை நிறுத்திக் கட்ட அங்கே எதுவும் இல்லை. கையை எடுத்தால் காற்றில் ஆன்டெனா திரும்பிவிடுகிறது. அண்ணன் இரண்டு கையாலும் குழாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றான். படம் ஒட்டிக்கொண்டது.

விசில் ஊதியது. எல்லாரும் பாய்ந்தார்கள். மிளகு வாசற்படியில் நின்று, ஒரு கண்ணைத் திரையிலும் வாயை மாடிப்படியிலும் வைத்துக்கொண்டு, "நாலாவது! மூணாவது!" என்று மேலே அனுப்பினாள். மாமாவோ மாவுக்கட்டுக் காலால் ஆக்ஸிலரேட்டரை மிதித்துக்கொண்டிருந்தார்.

"மிதி, மிதி! அந்தப் பக்கம் வழி இருக்கு பாரு! ஓவர்டேக் பண்ணு கண்ணு!"

கடைசியில் மூன்று கைகள் கிட்டத்தட்ட ஒன்றாகச் சுவரைத் தொட்டன. பெயர்கள் திரையில் வந்தன. இரண்டாவது இடம்!

"ரெண்டாவது!" என்று மிளகு கத்தினாள். "எத்தனை வினாடி வித்தியாசம்?" என்றார் டீச்சர். "இரண்டாஆஆவது இடம்ம்ம்!" என்று பாட்டு வாத்தியார் கட்டடமே அதிரப் பாடினார். இந்த முறை யாரும் அவரைத் தடுக்கவில்லை.

தண்ணீர் சொட்டச் சொட்ட மகள் கேமராவைப் பார்த்துக் கையசைத்தாள். அத்தை டிவியைப் பார்த்துக் கையசைத்தாள். மாமா மிளகின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என் பொண்ணு நீந்தி நான் பார்த்தேன்மா" என்றார். "உன்னாலதான் பார்த்தேன். உங்க எல்லாராலயும்தான். படியேற முடிஞ்சா ஒவ்வொருத்தர்கிட்டயும் நானே வந்து சொல்லுவேன்."

"நீங்க சொல்லுங்க மாமா. படி வழியா போயிடும்."

மாமா வாசலைப் பார்த்துக் குரலை உயர்த்தினார். "ரொம்ப நன்றி! எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி!"

அந்த நன்றி மிளகிடமிருந்து கணக்கு டீச்சருக்குப் போனது. அவர் ஒன்றுகூடக் குறைக்காமல் எல்லா 'ரொம்ப'வையும் மேலே அனுப்பினார். பாட்டு வாத்தியார் ராகம் போட்டு மொட்டை மாடிக்கு ஏற்றினார். சற்று நேரத்தில் பதில் ஒவ்வொரு படியாக இறங்கி வந்தது.

"குழாயை விட்டுடட்டுமான்னு கேட்கிறான்!"

மாமா பதறிப்போய்த் திரையைப் பார்த்தார். அங்கே மேடை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"இன்னும் கொஞ்ச நேரம் பிடிச்சுக்கச் சொல்லும்மா. மெடல் கொடுக்கப் போறாங்க!"

அந்தச் சொல் மேலே போனது. எல்லாரும் காத்திருந்தார்கள். பதில் வந்தது.

"மாமா பார்த்து முடிக்கிற வரைக்கும் பிடிச்சிருக்கேன்னு சொல்லு. யாராவது மேல வந்து என் மூக்கை மட்டும் சொறிஞ்சு விடுங்க!"

மிளகு படிகளைத் தாவித் தாவி மேலே ஓடினாள்.