கடைசி வளையம்

சோபாவுக்குப் பின்னால் இருந்த சுவருக்குள் மழை பெய்துகொண்டிருந்தது.

மேலே எங்கோ குழாய் ஒழுகுகிறது என்றுதான் மொஹசின் முதலில் எடுத்துக்கொண்டான். புது வீடு. புது வீட்டில் எதுவும் ஒழுகாவிட்டால்தான் சந்தேகப்பட வேண்டும். மேஸ்திரிக்கு போன் போட்டு நாலு வார்த்தை கேட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்க்கலாம். ஆனால் அந்தச் சுவரில் தண்ணீர்க் குழாயே கிடையாது. சுவர் எழும்பும்போது பக்கத்தில் நின்றவன் அவன். உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். சித்திரை வெயிலில் காய்ந்த சுவர், சூடு இன்னும் இறங்கவில்லை. காதை ஒட்டி வைத்தால் மட்டும், தகரக் கூரைமேல் விடாமல் அடிக்கும் மழை கேட்டது. சுவிட்ச் பெட்டியின் ஓட்டைகள் வழியாகச் சூடான பிளாஸ்டிக் வாசனை மெல்லக் கசிந்தது. அவனுக்குப் பழகிய வாசனைதான். அவன் கம்பெனியில் மெஷின் வாயிலிருந்து பைப்பு வெளியே வரும்போது அடிப்பது.

மனைவி முபீனாவைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னான். அவள் காதை வைத்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்கவில்லை, ரோலிங் மில் சத்தமாக இருக்கும் என்றாள். அதுவும் நியாயம்தான். கும்முடிப்பூண்டி சிப்காட்டுக்குப் பக்கத்தில் வீடு கட்டிக்கொண்டு சத்தம் கேட்கிறது என்று புலம்பினால் ஊர் சிரிக்கும். இங்கே இரும்பு அடிபடும் சத்தத்திலேயே குழந்தைகள் தூங்கும். மாடியில் காயப்போட்ட வெள்ளை வேட்டி சாயங்காலத்துக்குள் கரித்துணி ஆகிவிடும். மொஹசினும் சிரித்து வைத்தான். ஆனால் யூகேஜி படிக்கும் அவர்கள் மகள் மாஹிரா, அந்தச் சுவரைத் தாண்டும்போது இரண்டு கையையும் தலைக்கு மேல் குடையாகப் பிடித்துக்கொண்டு ஓடினாள். அதை அவன் மட்டும்தான் பார்த்தான்.

மொஹசினின் சொந்தக்காரர்கள் எல்லாம் பழவேற்காட்டில் இறால் வியாபாரம். அவன் ஒருவன்தான் பிளாஸ்டிக்குக்கு வந்தவன். கப்பலில் வரும் ஸ்கிராப்பை வாங்கி, அரைத்து, உருக்கி, சுவருக்குள் கரண்ட் ஒயர் போகிற பைப்பு போடுவது அவன் தொழில். போன வருஷம் வந்த ஒரு லோடில் முழுக்கப் பழைய இசைத்தட்டுகள், அதுவும் எல்லாம் ஒரே தட்டு. ஏதோ வெளிநாட்டுக் குடோனில் விற்காமல் கிடந்து, உறைகூடப் பிரிக்காமல் வந்து சேர்ந்திருந்தது.

பொன்னேரியில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கும் ரஃபி, முபீனாவின் தம்பி, அதைக் கேள்விப்பட்டு ஓடிவந்தான். அறுபத்தொன்பதாம் வருஷத்துத் தட்டு என்று உறையைத் தடவித் தடவிப் பார்த்தான். உறையில் ஆரஞ்சும் ஊதாவும் உருகி வழியும் ஒரு மாடிப்படி. படியின் நடுவில் ஒரு சின்னப் பெண், முதுகைக் காட்டிக்கொண்டு. வழியும் எழுத்தில் ஆங்கிலத் தலைப்பு. ‘மாடியில் யார்’ என்று அதற்கு அர்த்தம் சொன்னான். சாப்பாட்டு வேளையில் தன்னுடைய பழைய பிளேயரைக் கொண்டுவந்து ஒன்றை ஓடவும் விட்டான். இரண்டாம் பக்கம் முழுக்க ஒரே பாட்டு. ஷெட்டில் இருந்தவர்கள் கொஞ்ச நேரம் சிரித்தார்கள், அப்புறம் சிரிக்கவில்லை. அன்றைக்கு அப்பாவோடு வந்திருந்த மாஹிரா, வெட்டிப்போட்ட லேபிள் வட்டங்களை மடியில் அள்ளி வைத்தபடி, பிளேயரைப் பார்த்து உட்கார்ந்தவள் உட்கார்ந்தவள்தான். கையில் எடுத்த சோறு கையிலேயே காய்ந்தது. மொஹசினுக்கு அது பிடிக்கவில்லை. ஒன்றையாவது வைத்துக்கொள்கிறேன் என்று ரஃபி கெஞ்சக் கெஞ்ச, ஓடிய தட்டையும் சேர்த்து அரவைக்குத் தள்ளினான். வெறும் உறை ஒன்றை மட்டும் ரஃபி எடுத்துப் போனான்.

அரைப்பதற்கு முன் தட்டின் நடுவில் இருக்கும் காகித லேபிளை வெட்டி எடுத்துவிட வேண்டும். காகிதம் உள்ளே போனால் கருகி, பைப்பில் புள்ளி புள்ளியாக நிற்கும். அப்படி ஒரு தடவை சரக்குத் திரும்பி வந்து சூடுபட்டதிலிருந்து, பிரித்துக் கொடுக்கும் ரோசம்மாளிடம் அவன் கண்டிப்பாகச் சொல்லியிருந்தான்: லேபிளை ஒட்டி வெட்டாதே, சுற்றிலும் ஒரு விரல் தள்ளி வெட்டு. வழக்கமாக நாலு தினுசு ஸ்கிராப்பைக் கலந்துதான் உருக்குவார்கள். அந்த லோடை மட்டும் கலக்காமல் ஓட்டினான். தனியாக ஓட்டினால் பைப்பு கொஞ்சம் நொறுங்கும், கடைக்காரன் வாங்க மாட்டான். கலக்கும் செலவு மிச்சம், சொந்த வீட்டுக்கு அது போதும் என்று நினைத்தான். கான்கிரீட்டுக்குள் போனபின் எவன் உடைத்துப் பார்க்கப் போகிறான்? அப்படித்தான் இந்த வீட்டின் ஒவ்வொரு சுவருக்குள்ளும், தளத்துக்குள்ளும், மாடிப்படிக்குள்ளும் அந்த ஒரே தட்டு ஓடியது.

மழை சில நாட்களில் நின்றது. அதற்குப் பிறகு ஒரு முனகல் வந்தது. தேவாலயத்து ஆர்கனில் ஒரே கட்டையை யாரோ அழுத்திப் பிடித்துக்கொண்டு விட மறந்துபோனது போல, அடித்தொண்டையில், சமையலறைச் சுவரிலிருந்து ஹாலுக்கும் ஹாலிலிருந்து படுக்கையறைக்கும் மெல்ல நகர்ந்தது. தலையணைக்குள் கேட்டது. பல்லைக் கடித்தால் பல்லுக்குள் கேட்டது. பிறகு பேச்சு. ஆண் குரலா பெண் குரலா என்று தெரியவில்லை. வார்த்தைகள் வாயிலிருந்து வெளியே வருவதற்குப் பதிலாக உள்ளே போகிற மாதிரி, ஒவ்வொன்றும் மூச்சை உறிஞ்சிக்கொண்டு முடிந்தது. எலெக்ட்ரீஷியன் கலியன் வந்து எல்லாப் பெட்டியையும் கழற்றிப் பார்த்துவிட்டு, ஒயரெல்லாம் நன்றாக இருக்கிறது, உங்களுக்குத்தான் தூக்கம் போதவில்லை என்று சொல்லிவிட்டுப் போனான். முபீனா பள்ளிவாசல் ஹஜ்ரத்தைக் கூப்பிட்டு வீட்டில் குர்ஆனிலிருந்து யாசீன் ஓதவைத்தாள். ஓதிய நேரம் மட்டும் வீடு வாயை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தது.

மொஹசினுக்குப் பயம் சத்தத்தால் அல்ல, மாஹிராவால். அவள் ஹோம்வொர்க் எழுதும்போது ஏதோ ஒரு மெட்டை மூக்கால் பாடுவாள். இரண்டு நாள் கழித்து அதே மெட்டு சுவரில் வரும். வீடு அவளைக் கேட்டுப் பாடுகிறதா, அவள் வீட்டுக்கு முந்திப் பாடுகிறாளா என்று அவனுக்கு விளங்கவில்லை. கூடவே அவள் ஏதோ இளைத்தும் தெரிந்தாள். சாப்பாட்டில் குறையில்லை. ஆனால் வெளிச்சத்தில் நிற்கும்போது அவள் முகத்தின் ஓரங்கள் கொஞ்சம் தேய்ந்திருப்பதாகப் பட்டது. பெற்ற பிள்ளையின் முகத்தை உற்றுப் பார்க்கவே அவன் பயந்தான், அந்த அளவுக்கு வந்துவிட்டது.

ரஃபியை வரவழைத்தான். அதற்குள் சுவரில் முரசு தொடங்கியிருந்தது, மெதுவாக, ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிடலாம். ரஃபி சுவரில் காதை வைத்தான். கேலி பண்ண வந்தவன் முகம் மாறிப்போனது. மழை முதலில் வந்ததா, அப்புறம் ஆர்கனா, அப்புறம் தலைகீழ்ப் பேச்சா என்று வரிசையாகக் கேட்டான். ஆமாம் என்றான் மொஹசின்.

“அதே தட்டு மச்சான். ரெண்டாம் பக்கம். ரொம்ப ஸ்லோவா ஓடிக்கினு இருக்குது.”

முரசுக்கு அப்புறம் இன்னா என்று மொஹசின் கேட்டான். எல்லாம் நின்றுபோகும் என்றான் ரஃபி. கொஞ்ச நேரம் ஒன்றுமே இருக்காது. பிறகு கீழேயிருந்து யாரோ ஒரு குழந்தையைக் கூப்பிடுவார்கள். குழந்தை மாடிப்படி இறங்கி வரும், சிரிக்கும். அவ்வளவுதான், ஆனால் அது முடியாது. தட்டின் கடைசி வளையத்தின் முடிவை அதன் தொடக்கத்தோடு சேர்த்து விட்டிருக்கிறார்கள். முள் அங்கேயே சுற்றும். கூப்பிடும், இறங்கும், சிரிக்கும், மறுபடியும் கூப்பிடும்.

“யாராச்சும் முள்ளத் தூக்குற வரைக்கும்” என்றான் ரஃபி.

மொஹசினுக்குச் சட்டென்று உயிர் வந்தது. கடைசி வளையம் எங்கே இருக்கும்? லேபிளை ஒட்டி. லேபிளைச் சுற்றி ஒரு விரல் தள்ளி வெட்டச் சொன்னது யார்? அவன்தான். அந்த வளையம் அரவைக்குள் போகவே இல்லை, பைப்புக்குள் இல்லை, இந்தச் சுவர்களுக்குள் இல்லை. முரசு முடிந்தால் பாட்டும் முடிந்தது. இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். முபீனா கொண்டுவந்த நாஷ்டாவை அன்றைக்குத்தான் மொஹசின் ருசித்துச் சாப்பிட்டான். இருந்தாலும் வீடு அடங்கும் வரை மாஹிராவைப் பழவேற்காட்டில் சொந்தக்காரர்களிடம் விட்டுவிடுவது என்று முடிவானது.

மறுநாள் அவளைக் கூட்டிப்போக அவன் வந்தபோது மஃரிபு தொழுகைக்கு இன்னும் நேரம் இருந்தது. பராமரிப்பு வேலைக்காகக் காலையிலிருந்தே கரண்ட் இல்லை. மில்கள் ஓடவில்லை, சிப்காட் பக்கமிருந்து ஒரு சத்தமும் இல்லை, இத்தனை வருஷத்தில் அவன் கேட்டிராத அமைதி. கதவைத் திறந்து உள்ளே வந்தான். முரசு நின்றிருந்தது. மூடிய ஜன்னல்களுக்குள் புழுக்கம், பிளாஸ்டிக் வாசனை, சமையலறையில் முபீனா பாத்திரம் நகர்த்தும் ஓசை. சுவரில் கை வைத்தான். ஒன்றும் இல்லை. முடிந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்று வாய்விட்டுச் சொன்னான். மாடிப்படியின் கீழே வந்து, கார் சாவியைக் கையில் ஆட்டிக்கொண்டு மேலே பார்த்துக் குரல் கொடுத்தான்.

“மாஹிரா, எறங்கி வா, போலாம்.”

“செருப்ப போட்டுக்கினு எறங்கு, காலு வழுக்கும்” என்றாள் முபீனா சமையலறையிலிருந்து.

மேலே பாதங்கள் புறப்பட்டன. திருப்பத்தில் மாஹிரா தெரிந்தாள், மஞ்சள் கவுன், முதுகில் பை. கடைசிப் படியில் குதித்து, சிரித்து, “வாப்பா” என்று அவன் கையைப் பிடித்தாள். கை சூடாக இருந்தது.

அப்போதுதான் அவன் திருப்பத்து ஜன்னலைப் பார்த்தான். குடிவந்த அன்று மாஹிரா அடம்பிடித்ததால் அவனே நூலில் கோத்துக் கட்டிய அலங்காரம். நடுவில் ஆரஞ்சு லேபிள், அதைச் சுற்றி ஒரு விரல் கறுப்பு. ரோசம்மாள் வெட்டி, மாஹிரா அன்று ஷெட்டிலிருந்து அள்ளிவந்த வட்டங்கள். காற்று இல்லை. ஆனால் ஒன்று மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது, அவசரப்படாமல், ஒரே வேகத்தில். ஜன்னல் கம்பியில் அவன் முறுக்கிவிட்ட கட்டுக்கம்பியின் கூர், அந்தக் கறுப்பு ஓரத்தை மெல்லத் தொட்டுக்கொண்டிருந்தது.

முள்ளைத் தூக்க வேண்டும். மாஹிராவின் கையை விட்டுவிட்டுப் படியேறினான். ஒரு படி. இன்னொரு படி.

மாடிப்படியின் கீழே நின்றிருந்தான். சாவி கையில் ஆடியது.

“மாஹிரா, எறங்கி வா, போலாம்.”

“செருப்ப போட்டுக்கினு எறங்கு, காலு வழுக்கும்.”

பாதங்கள். மஞ்சள் கவுன். குதிப்பு. சிரிப்பு. “வாப்பா.”

அவள் கையில் அவ்வளவு சூடு இல்லை.

மறுபடி ஏறினான். மறுபடி கீழே நின்றான். கூப்பிட்டான். அவள் வந்தாள். சிரிப்பில் ஒரு கரகரப்பு. கவுனின் மஞ்சள் மங்கியிருந்தது. வாசலுக்கு ஓடினான், கதவுக்குப் பதிலாக மாடிப்படிதான் எதிரே இருந்தது. முபீனா என்று கத்த நினைத்தான். வாயில் வந்தது வேறு.

“மாஹிரா, எறங்கி வா, போலாம்.”

அவளுக்குப் புருவம் இல்லை. அடுத்த தடவை மூக்கு தாழ்ந்திருந்தது. விரல்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டி வழுவழுப்பாகியிருந்தன. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம். ஓட ஓடத் தட்டு தேயும் என்று ரஃபி எப்போதோ சொல்லியிருந்தான்.

அப்போது புரிந்தது. அவன் கூப்பிடுவதால்தான் அவள் இறங்குகிறாள். கூப்பிடாவிட்டால் மேலேயே இருப்பாள், மிச்சம் இருப்பதோடு.

உதட்டைக் கடித்தான். இரண்டு கையாலும் வாயைப் பொத்தினான். சாவி பல்லில் இடித்தது. நெஞ்சுக்குள்ளிருந்து காற்று ஏறி வந்தது, அவன் கேட்காமலே. திருப்பத்தில் அவள் தயாராக நின்றாள். கண் இருந்த இடத்தில் பளபளவென்று கறுப்பு, அதில் முடி மெலிசான வளையக் கோடுகள். சிரிப்பதற்கு வாய் மட்டும் பாக்கி.

அவன் கைகள் தாமாக இறங்கின.

“மாஹிரா” என்றான். “எறங்கி வா.”